கீழே நின்றவன்

பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைவதற்குள் பெரியவன் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடியை நாலு சுற்று சுற்றிவிட்டான். பாதி சாய்ந்திருந்த தம்பியின் முதுகு நிமிர்ந்தது.

வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டான்.

தம்பியின் தலையில் இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு கிடையாது. விழுந்த அன்று மூளை வீங்கியதால் எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு அந்த இடத்துத் தோல் கிண்ணம் போலக் குழிந்துகொண்டே வருகிறது. பெரியவன் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

அண்ணன் தம்பி இருவரும் பெயிண்டர்கள். சின்னவன் மேலே ஏறுவான், பெரியவன் ஏணியின் கீழ்ப்படியை மிதித்துக்கொண்டு நிற்பான். மேலே போனவன் தரைக்கு வரும்வரை கீழே நிற்பவன் காலை எடுக்கக் கூடாது. அந்தத் தொழிலில் வேறு சட்டதிட்டம் எதுவும் இல்லை.

எட்டிப் பூசப்போய்த் தம்பி சரிந்ததை ஏணியை மிதித்தபடியே பார்த்ததாக, மேஸ்திரியிடமும் போலீஸிடமும் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆள் கிடைக்காவிட்டால் சுவரிடம் பேசுகிறவன் சின்னவன். நாற்பது நாளாக அவன் ஒரு வார்த்தை பேசி அவன் மனைவி கேட்கவில்லை. புரையேறாமல் இருக்கத் தலைமாட்டை உயர்த்தியே வைக்கச் சொல்லியிருந்தார்கள். பெரியவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. மாமா இல்லையென்றால் நான் என்றைக்கோ செத்திருப்பேன் என்று தம்பி மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

டாக்டர் குழியைத் தொட்டுப் பார்த்தார். அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். உட்கார்ந்தால் குழி இறங்கி மூளையை அழுத்தும், மட்டமாகப் படுத்தால் தெளிவு வரும். அப்படித் தெளிவு வந்தால் எலும்பை உடனே திரும்ப வைத்துவிடலாம், ஆள் தேறிவிடுவார். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

"மட்டமா படுக்க வெச்சப்ப ஏதாச்சும் பேசினாரா?"

தம்பி மனைவி பெரியவனைப் பார்த்தாள்.

"இல்லீங்க டாக்டர். நேத்து பூரா மட்டமாத்தான் படுக்க வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை வரல."

டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தம்பி மனைவி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, யாருக்கும் முகம் காட்டாமல் வெந்நீர் பிடிக்கப் போனாள்.

நேற்று மதியம் விரிப்பு மாற்றுவதற்காக முதல்முறையாகக் கட்டிலை முழுக்கத் தாழ்த்தியிருந்தான். அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். துணிகளை அலசிவிட்டு அவன் திரும்பி வந்தபோது சின்னவன் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலில் கோபமே இல்லை.

"ஏணிய விட்டுட்டு எங்கண்ணே போன?"

தம்பி என்றால் பெரியவனுக்கு உயிர். அதுதான் கொடுமை.

ராத்திரியெல்லாம் அவனை உட்கார்த்தியே வைத்திருந்தான். இப்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கால்மாட்டில் குனிந்து, கைப்பிடியை இன்னும் ஒரு சுற்று சுற்றினான்.