நான்கு விரல் இடைவெளி

செப்டம்பர் 10, செவ்வாய்.

இன்று ஒரு சிறு பிழை. என் கை பட்டுவிட்டது.

படக்கூடாது. உடலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. தொடாமல் கை காட்டியே நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் ரெய்கி; அனுசூயா மேடத்தின் வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

படுத்திருந்தவர் ஜெபராணி அக்கா. வகுப்பு நடக்கும் மாடிக்குக் கீழே தையல் கடையில் வேலை பார்க்கிறவர். நாங்கள் செய்து பழக ஒரு ஆள் வேண்டும் என்று மேடம் கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்தார்.

பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார்.

"தூங்கிட்டா எழுப்பிராதட்டி. வீட்ல இந்தத் தூக்கம் கெடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் முறைத்தார்.

தலை. கண். தொண்டை. வரிசை தப்பிவிடுமோ என்ற பயத்தில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இடது தோளுக்குக் கீழே வந்தபோது கை கடுத்தது. தானாகத் தாழ்ந்தது.

அக்குளை ஒட்டி, ரவிக்கைத் துணிக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஒன்று.

நகரவில்லை.

கையை எடுத்தேன். அக்கா கண் திறக்கவில்லை. ஆனால் தூங்கவும் இல்லை. இமை துடித்தது.

முடிந்ததும் வட்டமாக உட்காருவோம். செய்தவர், தன் கை என்ன உணர்ந்தது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சூடு என்போம். கொஞ்சம் துணிந்தவர்கள் ஊசி குத்துவதுபோல் என்பார்கள். ஒன்றுமே தெரியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னால், குறை அவர் கையில்தான் என்றாகிவிடும்.

என் உள்ளங்கைக்குத் தெரிந்தது மின்விசிறிக் காற்று. பிறகு, அந்தக் கட்டி.

"சூடு மேடம். இடது பக்கம்" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "அங்க கை பட்டிருச்சு. கட்டி மாதிரி இருக்கு மேடம்."

"தொட்டியா?"

கட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"போய் உப்புத் தண்ணில ரெண்டு தடவ கழுவிட்டு வா."

மூலையில் வாளி இருந்தது. எழுந்துபோய்க் கழுவினேன். ஒரு மனுஷியைத் தொட்டதை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

அக்கா எழுந்து உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் மேடம். நெறி கட்டியிருக்குன்னு சும்மா இருந்துட்டேன். டாக்டரம்மா நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காவ. ஊசி வச்சு எடுத்து, என்னன்னு பாக்கணுமாம்."

மேடம் புன்னகைத்தார். அந்த நேரத்தில் ஒருவருக்குப் புன்னகை எப்படி வரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"ஊசி குத்தினா சிதறிடும்மா. அது கட்டியில்ல, அடைப்பு. இந்தப் பொண்ணு கைக்கே சூடு தெரிஞ்சிருக்குன்னா, சக்தி அங்க வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. சாயங்காலம் இங்க வாங்க."

இந்தப் பொண்ணு கைக்கே.

வகுப்பு தலையாட்டியது. பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் கண்டக்டரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற சுகந்தியும் தலையாட்டினாள். ஒருவர்கூட, எப்படித் தெரியும் மேடம், என்று கேட்கவில்லை.

நானும்தான்.

அக்கா என் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல கைட்டி உனக்கு. ரெண்டு வாரமா சோறு எறங்கல. இன்னைக்கு உக்காந்து திங்கப்போறேன்."

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. கூடவே அவர் ஏதோ பாட்டு முணுமுணுப்பதும் கேட்டது.

மேடம் என்னிடம், நல்ல முன்னேற்றம் என்றார். நான் நன்றி சொன்னேன்.

நன்றி.

வரும்போது கடை வாசலில் நின்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். சூடு பொய் என்று நான் சொல்லவில்லை. இன்று ஒருநாள் சாப்பிடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் அது.

எனக்கு மருத்துவம் தெரியாது. அது வெறும் நெறிக்கட்டாகவே இருக்கலாம். இருக்கட்டும். ஆனால் அதை ஊசி சொல்ல வேண்டும். மேடம் சொல்லக் கூடாது. சூடு என்ற என் பொய் சொல்லவே கூடாது.

இந்தப் பக்கத்தின் முதல் வரியைத் திரும்பப் படித்தேன்.

கை பட்டது பிழை அல்ல. அந்த வரியை அடித்துவிட்டேன்.

நாளை:

விடிந்ததும் ஜெபராணி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறப்பார். சூடு இல்லை, மின்விசிறிக் காற்றுதான் என்று சொல்ல வேண்டும். முகம் மாறும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

பிறகு ஆஸ்பத்திரி பஸ்.

அவர் பெயரைக் கூப்பிடும்வரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும்.