கேஸ் இல்லாத கம்பி

காற்று மறுபடியும் கேஸை அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவர் முகத்தை மூடியிருந்த வெல்டிங் ஷீல்டை நெற்றிக்குத் தூக்கினார். கேஸ் மூடிக் காக்காததால் பற்றவைத்த இடம் முழுக்க ஆப்பம் மாதிரி ஓட்டை. சுத்தியலால் ஒரு தட்டு. தகடு தனியே கழன்று விழுந்தது.

ஆடி மாதம். கோயம்புத்தூரில் பாலக்காட்டுக் காற்று யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை.

ஷெட்டுக்கு மூன்று பக்கமும் சுவர். நான்காவது பக்கம் தெருவைப் பார்த்த தகரக் கேட். உள்ளே, கட்டைகளின் மேல் ஒரு பழைய ஃபியட். காலடித் தகடு முழுக்கத் துரு தின்றிருந்தது. பொழுதுபோக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

கேஸ் சிலிண்டர் கொடுத்த சென்னியப்பன் முந்தின நாளே வந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க சார், காத்துக்கா கேஸ் ஊத்தறீங்க? கேட்டச் சாத்திப்போட்டு அடிங்க, தங்கமா ஒட்டும்."

சாத்தலாம். ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

அதைத்தான் அவரால் செய்ய முடியவில்லை.

மாலை ஆறு மணிக்கு இந்தத் தெரு வழியாக ஒரு ஸ்கூட்டர் போகும். ஓட்டுவது பிரணிதா. அவருடைய மகள். விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு போனவள். மூன்று வருடமாக அவர் கூப்பிட்டால் அவள் ஃபோனை எடுப்பதில்லை. வேலை முடிந்து அவள் வீடு திரும்பும் வழி இது என்று தெரிந்துதான் இந்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு நாள், அவர் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஸ்கூட்டர் நின்றது. அவள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காரைப் பார்த்தாள்.

"ஓடுமா இது?"

"ஓடும்," என்றார்.

போய்விட்டாள்.

உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்றாவது கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்து வாயில் கொழுக்கட்டை.

அன்றிலிருந்து கேட் திறந்தே இருந்தது.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் வேண்டாத கம்பிச் சுருள் ஒன்று வாங்கினார். கம்பிக்குள்ளேயே பவுடர் அடைத்திருக்கும். அது எரிந்து, ஒட்டுகிற இடத்தைக் காற்றிலிருந்து காக்கும். கேட்டைத் திறந்துபோட்டே அடிக்கலாம்.

சென்னியப்பன் முகத்தைச் சுளித்தார். கார் தகடு மெலிசு, இந்தக் கம்பி முரடு என்றார்.

சென்னியப்பன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் பிளஸ், மைனஸ் கேபிளை மாற்றிப் போட இவர் மறந்துவிட்டார். கேஸுக்கு ஒரு மாதிரி, இந்தக் கம்பிக்கு நேர் எதிர். பொறி சட்டைக்குள் புகுந்தது. இரும்பு காக்கை எச்சம் மாதிரி சொட்டுச் சொட்டாக உறைந்தது. மாற்றிப் போட்ட பிறகும், ஓட்டையை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழுந்தது. புகை வேறு.

இருக்கட்டும். காலுக்குக் கீழே இருக்கும் தகடு. மேலே மிதியடி விரித்துவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்.

இரண்டாம் நாள், ஷீல்டுக்குள் இருந்தபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தூக்கிப் பார்ப்பதற்குள் தெருவில் யாரும் இல்லை.

அதன் பிறகு ஐந்தே முக்காலுக்கே மெஷினை அணைத்துவிடுவார். முகம் கழுவுவார். சட்டை மாற்றுவார். கேட்டுக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்காருவார். இந்தத் தடவை என்ன சொல்வது என்று முடிவு செய்துவைத்திருந்தார்.

உள்ள வா சாமி.

அவ்வளவுதான்.

அவள் வந்தாள். கேட்டை நெருங்கியதும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பியபடியே கடந்துபோனாள்.

மறுநாளும் அப்படியே. எதிர்ப்பக்கம் என்னதான் இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்த்தார். ஒரு காம்பவுண்டுச் சுவர். ஒரு போஸ்டர்கூட இல்லை.

அதற்கடுத்த நாள் அவள் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தாள். கண்ணுக்குப் பக்கவாட்டில் மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

அவருக்குப் புரிந்தது.

அப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் போகிற வழியில் வெல்டிங் நடக்கும் ஒரு கிரில் பட்டறை. தினமும் அதைத் தாண்டும்போது அவர் உள்ளங்கையால் அவள் கண்ணை மறைப்பார்.

"அங்க பாக்காத சாமி, கண்ணு போயிரும்."

பட்டறை முடியும்வரை அவள் திரும்பவே மாட்டாள். அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பின்னாளில் அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை. இது ஒன்றை மட்டும் இன்னும் கேட்கிறாள்.

திரும்பி மெஷினைப் பார்த்தார்.

அணைத்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. வெளிச்சம் இல்லை. பொறி இல்லை. ஷெட்டின் முன்னால் அவர் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சென்னியப்பனுக்கு ஃபோன் செய்தார். காலையில் சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.

"கேட்டச் சாத்தீருவீங்கள்ல?"

"சாத்தீர்றேன்."

சாத்தியிருந்தால் அவள் இந்தப் பக்கம் பார்ப்பாள்.