வேல்ஸில் காய்ச்சிய பால்

வேல்ஸ் கடற்கரையில் ஒரு வாரத்துக்கு எடுத்த பெரிய வீட்டில் அன்று இருந்தவர்கள் மூத்தவர் பொன்னுத்துரை, தம்பி இராசநாயகம், தங்கை மனோன்மணி, பிள்ளைகள் ஒன்பது பேர். வாடகை வீடானாலும் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு மூட்டுவது மூத்தவரின் உரிமை. பொன்னுத்துரை தீப்பெட்டியோடு குனிந்தார். அடுப்பு வெறும் கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது.

"தள்ளுங்கோ அண்ணை, இதுக்கு நெருப்பு வேண்டாம்," என்று தம்பி ஒரு விரலால் தொட்டான். பால் பொங்கியது.

"சித்தப்பாவின்ர கை ராசியான கை!" பொன்னுத்துரையின் சொந்த மகளே கைதட்டினாள். அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனோன்மணி முதல் கோப்பையை அவரிடம்தான் நீட்டினாள்.

"எனக்குப் பால் ஒத்துவராது."

பால் அடிப்பிடித்ததால்தான் அவர் குடிக்கவில்லை என்று இப்போது லண்டனில் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பால் அடிப்பிடிக்கவில்லை.