வயர் போன வழி

ஃபேக்டரி வேலை முடிந்து வந்த சசிரேகா, உடுப்பில் தேயிலைத் தூசியோடு வாசலிலேயே நிற்கிறாள். புருஷன் திருச்செல்வம் தரையில் உட்கார்ந்து நீல வயரின் தோலை உரிக்கிறான். உள்ளிருக்கும் எட்டு மெல்லிய கம்பிகளையும் நிறவரிசையில் நீவி, பிளாஸ்டிக் முனைக்குள் செருகி, இடுக்கியால் நெரிக்கிறான். டக். வெளியே மூடுபனி தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டுக் கூரைகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. “இன்டர்நெட்டுக்கு இவ்ளோ நீள வயரா?” என்கிறாள். “கேமராவுக்கு லா. லயத்துல கள்ளன் நடமாட்டம்.” அவன் நிமிரவில்லை. வயர் போகும் வழியே அவள் கண்ணும் போகிறது. சுவரோரமாகப் போய், அடுப்படிக் கதவுக்கு மேலே ஏறி, புதுக் கேமராவில் முடிகிறது. அது பின்வாசலைப் பார்க்கவில்லை. அவள் நின்று சமைக்கும் இடத்தைப் பார்க்கிறது. “கள்ளன் உள்ளாரவா இருக்கான்?” அவன் அடுத்த முனையை எடுக்கிறான். டக்.