இருநூறு கொண்டைகள்

கம்மலை விற்றுப் போட்ட கோழிக்கொட்டகையில், முதல் முட்டைக்காக வைக்கோல் பரப்பிய கூடையோடு பாஞ்சாலி நிற்கிறாள். இருநூறு குஞ்சுகளையும் பொறுக்கித் தந்து தொழில் சொல்லிக்கொடுத்தவர் பழையசீவரத்துப் பண்ணைக்காரர் தங்கவேலு. கொண்டைகள் பெருத்துச் சிவந்தபோதுகூட, "சீமைக்கோழிக்கு அப்பிடித்தாம்மா இருக்கும்" என்றார், நம்பினாள். கம்பிவலையில் இளவெயில் ஏறுகிறது. மூலையில் ஒன்று கழுத்தை நீட்டிக் கூவுகிறது. இன்னொன்று பதிலுக்குக் கூவுகிறது. பிறகு கொட்டகையே கூவுகிறது. கூடை கைநழுவுகிறது. வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கிறது. வண்டி நிறையக் காலிக் கூண்டுகள். தங்கவேலு இறங்குகிறார். "அத்தினியும் சேவலாப் பூட்ச்சா? பேஜாருதான். கறிக்கு நானே ஏத்திக்கினு போறேன். அடுத்த தபா நல்லதாப் பொறுக்கித் தரேன்." பாஞ்சாலி கூண்டுகளையே பார்க்கிறாள். பழையசீவரத்திலிருந்து வண்டி வந்துசேர மூன்று மணி நேரம் ஆகும். முதல் சேவல் கூவி இன்னும் கால் மணிகூட ஆகவில்லை.