தொறக்கக் கூடாத லென்ஸ்

அட, முழுசாக் கேளுங்க! பாதியிலயே "அப்படியும் ஒரு அண்ணன் இருப்பானா"ன்னா நான் என்னத்தைச் சொல்ல? இருந்தார்.

தங்கச்சி லென்ஸ் ரிப்பேர்ல கைதேர்ந்தவ. தெருவே அவளை "லென்ஸக்கா"ன்னு கூப்பிடும். அண்ணன் சினிமா கேமராமேனா இருந்தவர். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல தன்னோட லென்ஸை மட்டும் அவ கண்ணுல காட்டமாட்டார்.

"இதை யாரும் தொறக்கக் கூடாது. முக்கியமா அவ தொறக்கவே கூடாது."

ரோஷம் வருமா, வராதா? "என் கையை நம்பாதவர் என் கடைப் படி ஏறக் கூடாது"ன்னு அவளும் சொல்லிட்டா. அதோட பேச்சுவார்த்தை நின்னுபோச்சு.

அந்த லென்ஸைத்தான் பல வருஷம் கழிச்சு ஒருநாள் அண்ணி துணிப்பையில சுத்தி எடுத்துட்டு வந்து நின்னாங்க.

"என் பொண்ணு, உன் மருமக, இதை வச்சு முதல் படம் எடுக்கப் போறாளாம். அலமாரியிலேருந்து விழுந்துடுச்சு. இப்ப எடுத்தா, படத்துல ஆளெல்லாம் ஒருபக்கமா சாஞ்சு நிக்கறாங்க."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா, அண்ணி?"

"வாசல்ல வண்டியில உக்காந்திருக்கார். டாக்டர்கிட்டப் போறோம்னு கூட்டிட்டு வந்தேன். கண்ணுல புரை. எந்தத் தெருன்னே தெரியலை, பாவம்."

"அந்தக் கண்ணு அன்னிக்கே தெரியலையே!"

குத்தலாத்தான் சொன்னா. அண்ணனுக்குக் கிடைச்ச முதல் பெரிய படம் பூரா மங்கலா வந்துடுச்சு. "என் கண்ணு ஏமாத்திடுச்சு"ன்னு அவரே ஒத்துக்கிட்டார். "மங்கல் மாஸ்டர்"னு பட்டப்பேர் வச்சுட்டாங்க. அப்புறம் காலம் பூரா பாஸ்போர்ட் போட்டோதான்.

"பழசைக் கிளறாதே. வேலையைப் பாரு"ன்னாங்க அண்ணி.

அது அகலத்திரைப் படத்துக்கான பழைய லென்ஸ். ஆளை ஒல்லியா நசுக்கி ஃபிலிம்ல பிடிக்கும், தியேட்டர்ல வேற லென்ஸ் அதை விரிச்சுக் காட்டும். எதிர்ச்சுவர்ல குட்டி பல்பு ஒண்ணை ஏத்திப் பார்த்தா. இந்த லென்ஸ் வழியா பல்பிலேருந்து நீளற வெளிச்சக்கோடு படுக்கையா வரணும். சரிஞ்சு வந்துச்சு. முன்பக்கத்துத் திருகாணியைத் தளர்த்தி, கண்ணாடியை மயிரிழை திருப்பினதும் கோடு நேராயிடுச்சு.

சாய்வு போச்சு, மங்கல் போகலை. டேப் பிடிச்சு பத்தடி தள்ளி ஒரு காலண்டரை மாட்டி, லென்ஸ்ல தூரம் வைக்கற வளையத்தையும் பத்துல வச்சா, எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது.

அப்பதான் கவனிச்சா. வளையத்துல அச்சடிச்ச நம்பருக்குப் பக்கத்துல பொடிப்பொடியா கீறல். அந்தக் கீறல்ல வச்சா எழுத்து கத்தி மாதிரி நிக்குது.

"அண்ணி, இதை யார் போட்டது?"

"அவர்தான். வேலை போனதும் ஊசியை வச்சுக்கிட்டு உக்காந்து உக்காந்து கீறினார். மரை கழண்டுபோச்சுன்னு நானே பயந்தேன்."

எனக்குத் தெரிஞ்ச பூட்டு ரிப்பேர்காரர் ஒருத்தர், ஊர்ப் பூட்டையெல்லாம் தொறப்பார். சொந்த வீட்டுப் பூட்டு மட்டும் தொறக்க வராம, மழையில நனைஞ்சுக்கிட்டே பொண்டாட்டி வர்ற வரைக்கும் நின்னார். அது தனிக்கதை, விடுங்க. கிட்ட இருக்கறதுதான் கைக்கு வராதுன்னு சொல்ல வந்தேன்.

லென்ஸக்கா வளையத்தைக் கழட்டினா.

இந்த மாதிரி லென்ஸ்ல மரைக்கு நாலஞ்சு வாய், அதாவது திருக ஆரம்பிக்கற இடம், இருக்கும். எந்த வாயில கோத்தாலும் வழுக்கிக்கிட்டு உள்ள போகும். ஆனா ஒரு வாயிலதான் நம்பர் சரியா வரும். அதனால அவ எதைக் கழட்டினாலும், முன்கூட்டியே சேர்ற இடத்துல ரெண்டு பக்கமும் சிவப்பு நகப்பாலிஷ்ல ஒவ்வொரு பொட்டு வச்சுக்குவா. வேற எந்த மெக்கானிக்கும் அப்படி வைக்கறதில்லை.

உள்ள ரெண்டு சிவப்புப் பொட்டு இருந்துச்சு. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. சேரவேயில்லை.

அந்தக் காலத்துல கடை ஆரம்பிச்சதும் அவ தொட்ட முதல் லென்ஸ் இதுதான். "பெரிய படம் கிடைச்சிருக்கு, நீதான் சுத்தம் பண்ணித் தரணும்"னு அண்ணன் பெருமையாக் கொண்டுவந்து குடுத்தது. பொட்டு வச்சவ, திரும்ப மாட்டறப்போ ஒரு வாய் தள்ளிக் கோத்துட்டா.

அவர் கண்ணுல அன்னிக்கு ஒரு குறையும் இல்லை.

"என்னடி ஆச்சு? ஏன் இப்படி வெளிறிப்போயிட்டே?"

அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள வண்டியிலேருந்து குரல் வந்துச்சு. கண்ணுதானே போச்சு, காது நல்லாத்தானே இருக்கு?

"உள்ள பேசறது என் தங்கச்சி மாதிரி இருக்கே... ஏம்மா, அதைத் தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேண்ணா."



"உன் பொட்டைப் பார்த்துட்டியா?"

"ஆமாண்ணா."

"அதுக்குத்தாம்மா தொறக்க வேண்டாம்னேன். தெரிஞ்சா அப்புறம் நீ எந்த லென்ஸையும் தொடமாட்டே."

வளையத்தை மேஜைமேல வச்சுட்டு, கண்ணைப் புறங்கையால துடைச்சுக்கிட்டா.

"அண்ணி, வெளியில கிடக்கற அந்த நாற்காலியை உள்ள கொண்டாங்க. அண்ணன் உக்காரணும்."