அப்டேட் மேல் பழி

“ஃபார்மேட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. உள்ளே என் உயிர் இருக்கு!”

கதவைத் திறந்ததும் ஹெச்.எம். சொன்ன முதல் வார்த்தை இது. பள்ளிக்கூடத்தில் மட்டுமா, வீட்டிலும் அவர் ஹெச்.எம்.தான். குழாயில் தண்ணீர் சொட்டினால் யார் மூடாமல் விட்டது என்று விசாரணையை முடித்துவிட்டுத்தான் குழாயை மூடுவார்.

வந்தவருக்குத் தெருவில் ‘பெட்டி டாக்டர்’ என்று பெயர். கம்ப்யூட்டர் ரிப்பேரில் பதினேழு வருஷம் போட்டவர். “மிஷின் மேல தப்பில்லை, உங்க மேலதான்” என்று முகத்துக்கு நேரே சொல்லி நாலைந்து வாடிக்கையாளர்களை இழந்தும், பழக்கத்தை விடாதவர்.

“உயிர்னா எது சார்?”

“‘மாணவர் ஒழுக்கம்’. இருநூத்திப் பத்து பக்கம் எழுதியிருக்கேன். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது.”

“வேற எங்கேயாவது காப்பி?”

“இல்லை.”

“ஒழுக்கத்துக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கக் கூடாதா சார்?”

பின்னால் நின்ற மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெச்.எம். திரும்பிப் பார்த்ததும் அது இருமலாக மாறியது.

“எல்லாம் இவனால வந்த வினை!” சுவரோரம் நின்ற மச்சினனை நோக்கி விரல் நீண்டது. “வேலை தேடறேன்னு வந்து நாலு மாசமா இந்தப் பெட்டி முன்னாடியே பழியாக் கிடக்கிறான். கண்ட கேமையும் இறக்கிப் படுக்க வெச்சுட்டான். காரணத்தைக் கண்டுபிடிச்சு நீங்க என்கிட்ட சொல்லணும். இவன்தான்னு தெரிஞ்சா, ஞாயித்துக்கிழமை பெட்டி படுக்கையோட கிளம்ப வேண்டியதுதான்.”

“என்னங்க, புதன்கிழமை அவனுக்கு இன்டர்வியூ...”

“நீ சும்மா இரு.”

மச்சினன் டாக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

டாக்டர் வேலையில் இறங்கினார். முதலில் எல்லா ஃபைலையும் தன் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டார்.

“போட்டோ, நீங்க எழுதினது எல்லாம் அப்படியே இருக்கும் சார். வெளியிலேர்ந்து போட்ட புரோகிராம்தான் போயிடும்.”

“எல்லாமே போயிடுமா?” ஹெச்.எம்.மின் முகம் கொஞ்சம் வாடியது. “சரி, என்ன பண்றது! ஆனா ஃபைல் ஒண்ணுகூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்.”

உத்தரவு போட்டுவிட்டுக் குளிக்கப் போனார். மச்சினன் பூனை மாதிரி பக்கத்தில் வந்தான்.

“மேடம், வேலை முடிஞ்சதும் என்னென்ன புரோகிராம் போச்சுன்னு பெட்டியே ஒரு லிஸ்ட் எழுதி வைக்குமே. மாமா பார்க்கறதுக்குள்ள அதை அழிச்சிடுங்களேன்.”

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். அட, திருட்டுப் பயலே!

“அது மட்டும் நடக்காது தம்பி. மிஷின் விஷயத்துல நான் பொய் சொன்னதே இல்லை.”

“ப்ளீஸ் மேடம்.”

“இறக்கும்போது தெரியலையா?”

அவன் மறுபடி சுவரோரம் போய் நின்றான்.

அரை மணி நேரத்தில் திரைக்கு உயிர் வந்தது. லிஸ்ட்டும் வந்தது. மூன்றாவது வரியில் ‘கழுதைப் பந்தயம்’. ஓசியில் இறக்கிய கேம். இந்த மாதிரி ஓசிக் கழுதைகள் முதுகில் வைரஸைச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் வரும். டாக்டருக்கு அது அத்துப்படி. பையன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். இன்டர்வியூவாவது ஒண்ணாவது!

ஹெச்.எம். தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“முதல்ல என் புத்தகம்!”

டாக்டர் திறந்து காட்டினார். இருநூற்றுப் பத்து பக்கமும் பத்திரம். “ஏய், இங்கே வா, எல்லாம் இருக்கு!” என்று ஹெச்.எம். மனைவியைக் கூப்பிடத் திரும்பினார்.

புத்தகத்துக்குக் கீழே இன்னொரு ஃபைல் இருந்தது. கழுதைப் பந்தயத்தின் ஸ்கோர். புரோகிராம் போனாலும் ஸ்கோர் போகவில்லை. ஒன்றுகூடப் போகக் கூடாது என்பதுதானே உத்தரவு! டாக்டர் அதைத் திறந்தார். படித்தார். சட்டென்று மூடினார்.

ஹெச்.எம். மறுபடி டாக்டர் பக்கம் திரும்பினார். “இப்போ சொல்லுங்க. யாரால வந்தது?”

மனைவி கையிலிருந்த துண்டைப் போட்டு முறுக்கினாள். மச்சினன் தரையைப் பார்த்தபடி நின்றான்.



“அப்டேட் சார். பாதியில கரண்ட் போயிருக்கு. இந்த வீட்டுல யார் மேலயும் தப்பில்லை.”

பதினேழு வருஷத்தில் முதல் பொய்.

“ஓஹோ, அப்டேட்டா!” ஹெச்.எம். பெரிதாக மூச்சு விட்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் லிஸ்ட்டை அழித்துவிட்டு எழுந்தார்.

மச்சினன் அவருடைய பையை வாசல் வரை தூக்கிவந்தான்.

“ஏன் தம்பி, ஸ்கோரைப் பார்த்தேன். நாப்பது ஆட்டம். எல்லாம் விடிகாலை அஞ்சு மணிக்கு. அத்தனையிலும் ஆடினவர் பேரு ‘ஹெச்.எம்.’! லிஸ்ட்டை அழிக்கச் சொன்னது அவருக்காகன்னு அப்பத்தான் புரிஞ்சுது. நீ எதுக்குப்பா திட்டு வாங்கறே? ஞாயித்துக்கிழமை நடுத்தெருவுல நின்னிருப்பியே!”

அவன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“விடைத்தாள் திருத்தறேன்னு சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பார் மேடம். கழுதை தடுக்கி விழறப்போ வாயைப் பொத்திக்கிட்டு அப்படிச் சிரிப்பார். நாலு மாசத்துல அவர் சிரிச்சு நான் பார்த்தது அப்போ மட்டும்தான். அதையும் எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சா, அப்புறம் மனுஷன் சிரிக்கவே மாட்டார்.”

பையைக் கொடுக்கப் போனவன், கொடுக்காமல் தயங்கினான்.

“மேடம்... வைரஸ் இல்லாத கழுதை ஒண்ணு கிடைக்குமா?”